வாதனை நீங்குமாறு

உயிர் தான் சார்ந்த பொருளின் வண்ணமாய் நிற்கும் இயல்பினது என்பது சைவசித்தாந்தத்தின் அடிப்படைத் துணிபுகளுள் ஒன்று. பளிங்கு செம்மலரைச் சார்ந்துழிச் சிவந்தும் கருமலரைச் சார்ந்துழிக் கறுத்தும் தோன்றுதல் போல, உயிரும் பாசத்தைச் சார்ந்துழிப் பாசமாயும் பதியைச் சார்ந்துழிப் பதியின் தன்மை விளங்கியும் நிற்கும். சைவநன்மக்கள் பலரும் இவ்வுண்மையைக் கேட்டிருப்பர். பிறர்க்கு எடுத்தோதியும் இருப்பர். ஆயினும் ஈண்டு ஓர் ஐயம் எழுகின்றது. பளிங்கின் அருகிருந்த மலரை எடுத்த அக்கணமே அதன் வண்ணமும் நீங்குகின்றது. உயிரின் திறத்திலோ, சார்ந்த பொருள் அகன்று பல்லாண்டு கழிந்த பின்னரும் அதன் சாயல் அகலாது நிற்கின்றது. பகைத்தவன் இறந்துபட்டான், பகை இறந்திலது. அச்சுறுத்திய அலை கடலுள் மீண்டது; அச்சம் மீண்டிலது. இஃது என்னை? இவ்வினாவே இக்கட்டுரைக்குப் பொருளாயிற்று.

இங்ஙனம் எஞ்சி நிற்பதனை நம் ஆசிரியன்மார் வாசனை என்றும் வாதனை என்றும் வழங்கினர். பெருங்காயம் இருந்த கலத்தினின்று காயம் முழுதும் எடுக்கப்பட்ட பின்னரும், கலம் சிறிது மணந்து கொண்டிருத்தல் உலகறிந்தது. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் பத்தாஞ் சூத்திரத்து உதாரணத்துள் இக்கலத்தையே எடுத்துக் காட்டினார். அதற்கு முன்னர், ஒன்பதாஞ் சூத்திரத்தில், வேம்பு தின்னும் புழுவைக் காட்டினார். வேம்பிலே பிறந்து வேம்பையே உண்டு பழகிய புழுவைக் கரும்பிற் கொண்டு விட்டாலும், அது பழைய கைப்பையே நாடிச் செல்லும் என்பர். அதுபோல, ஞானம் விளங்கிய பின்னரும் உயிர் முன்னை நோக்கிய இடத்தையே நோக்கி நிற்குமாதலின், அதனை நீக்குதற்பொருட்டுத் திருவைந்தெழுத்தை விதிப்படி ஓதுக என்று ஆசிரியர் பணித்தருளினார்.

இவ்விடத்தில் ஊன்றி நோக்கத்தக்கதொன்று உண்டு. இவ்விதி யாரை நோக்கி எழுந்தது? ஒன்றும் அறியாதானை நோக்கி எழுந்ததன்று. ஞானம் தலைப்பட்டானை நோக்கியே எழுந்தது. எனவே, சாத்திரம் பதினான்கும் ஓதி, பூசையும் வழுவாது செய்து வருபவர் ஒருவர், "பழைய நினைவொன்று இன்னும் என்னை வருத்துகின்றதே, ஓதியது பயனிலதாயிற்றோ?" என்று மயங்க வேண்டுவதில்லை. அவர் வருத்தம் நூலின் வழிப்பட்ட வருத்தமே. அதற்கு மருந்தும் அந்நூலிலேயே உளது.

வாதனை உள்ளே தொழிற்படும் முறையை அந்தக்கரணங்களின் வழி வைத்துக் காண்போம். சித்தம் ஒரு பொருளைப் பற்றிச் சிந்திக்கும். மனம் அதனை இஃதோ அஃதோ என ஐயுறும். அகங்காரம் 'யான்' என எழும். புத்தி இன்னதென நிச்சயிக்கும். ஒருவன் நம்மை இகழ்ந்தான் என்பது நிகழ்ச்சி. சித்தம் அதனைக் கொணருகின்றது. மனம், "வேண்டுமென்றே கூறினானோ, அறியாது கூறினானோ?" என்கின்றது. அகங்காரம், "என்னையா கூறினான்!" என எழுகின்றது. புத்தி, "அவன் தீயன்" எனத் தீர்ப்பளிக்கின்றது. ஒரு முறை இவ்வாறு நடந்தொழியின் துன்பமில்லை. மறுநாளும் அதே வழியே அந்நான்கும் செல்கின்றன. அதற்கு மறுநாளும் செல்கின்றன. ஈரமண்ணில் ஒரு வண்டி சென்ற தடத்திலேயே அடுத்த வண்டியின் சகடமும் இறங்கும். பின்பு, தடத்தை விட்டு ஏறுதலே அரிதாகும். நிகழ்ச்சி ஒன்றே, தடம் மட்டும் நாடோறும் ஆழ்கின்றது.

அடியேன் வாழ்வில் நிகழ்ந்ததொன்றை ஈண்டுக் கூறுதலை அன்பர்கள் பொறுத்தருள்க. நூலுரையை மட்டும் எடுத்துரைப்பின், அது பிறர் நோய்க்குக் கூறும் மருந்துபோலத் தோன்றும் ஆகலின், தன் நோயையும் உடன் கூறுதல் முறையாம்.

முப்பது ஆண்டுகட்கு முன்னர், செங்கற்பட்டுப் பக்கத்தே அடியார்க்கு அமுதளித்தற்கென அமைந்த அறக்கட்டளை ஒன்றின் வரவு செலவுக் கணக்கை ஊதியமின்றி எழுதி வந்தேன். ஒருநாள் பொறுப்பாளர் யாவரும் கூடியிருந்த அவையில், ஆண்டில் மூத்தவரும் சிவபூசை உடையவருமாகிய ஒருவர் எழுந்து, "கணக்கிலே கை வைத்தவர் இவர்தாம்" என்று என் முகத்தெதிரே கூறினார். அவை வாளா இருந்தது. பின்னர்க் கணக்கு முழுவதும் வேறொருவரால் தணிக்கை செய்யப்பெற்று, ஒரு காசும் குறைந்திலது என முடிந்தது. எனினும், கூறியவர் அச்சொல்லைத் திரும்பப் பெற்றிலர்; கேட்டிருந்தவரும் அதுபற்றி யாதும் பேசிலர்.

அன்று தொடங்கி அச்சொல் என்னோடு குடியிருந்தது. வைகறையில் திருநீறு இடும்பொழுதும் வரும். இரவில் விளக்கைத் தணித்துப் படுத்த சிறுபொழுதில் தவறாது வரும். அவர் கூறியவை நான்கு சொற்களே. அவற்றிற்கு மனத்துள்ளே யான் இயற்றிய மறுமொழிகளைத் தொகுப்பின் ஒரு புராணமளவினவாம். வியப்பாவது யாதெனின், ஆண்டுகள் செல்லச் செல்ல அந்நிகழ்ச்சியும் வளர்ந்தது. நினைவில் அவர் குரல் உரத்தது. அவையோர் எண்ணிக்கை மிகுந்தது. சிலர் முகத்தில் நகைப்பும் தோன்றலாயிற்று. அன்று நகைத்தவர் ஒருவருமிலர் என்பதை உடனிருந்த நண்பர் ஒருவர் பின்னொருகாற் கூறக் கேட்டேன். என்னை வருத்தியது நிகழ்ந்தது அன்று, உள்ளே வளர்ந்ததே என்பது அப்பொழுது புலனாயிற்று.

பதினோராம் ஆண்டில் அப்பெரியவர் சிவபதம் எய்தினார். இறுதிக்கடன் நிகழுமிடத்துச் சென்று நின்று மீண்டேன். கூறியவரே இலராயினமையின் இனி அச்சொல்லும் இராது என எண்ணி அன்றிரவு படுத்தேன். அது வழக்கமான நேரத்திற்கு வந்தது.

அன்றே தெளிந்தேன்: கட்டு அவரிடத்து இருந்ததன்று. அவர் மன்னிப்புக் கேட்டிருப்பின் நீங்கியிருக்கும் என்று நம்பியதற்கும் ஆதாரமில்லை. மலரை எடுத்தும் பளிங்கு சிவந்தே நின்றதாயின், சிவப்பு மலரினின்று வருவதன்று. அது வேறோரிடத்தில் ஊறுகின்றது.

இத்தகைய நினைவுகட்கு உலகோர் கூறும் மருந்து 'மறந்துவிடு' என்பது. நல்லெண்ணத்தாற் கூறப்படுவதே, ஆயினும் சித்தாந்தம் இதனை ஏற்பதில்லை. நினைப்பும் மறப்பும் மாறி மாறி வருவதே கட்டுற்ற உயிரின் இயல்பு. கருவிகளோடு கூடி உலகை நினைந்து நிற்றல் சகலம். அவை ஒடுங்கிய வழி ஒன்றும் அறியாது ஆணவ இருளில் அழுந்திக் கிடத்தல் கேவலம். மறத்தல் என்பது சகலத்தினின்று கேவலத்திற்குச் செல்லுதலே அன்றி, இரண்டும் கடந்த சுத்தநிலை அன்று. இருளில் மறைந்த பொருள் இல்லாத பொருள் அன்றே. விளக்கு வந்தவுடன் அது இருந்தபடியே இருக்கும். துயிலில் மறந்தவை யாவும் விழித்தவுடன் நம்மை வந்து சூழ்தலை நாடோறும் காண்கின்றோம்.

அற்றேல், மறவாமலே வாதனை நீங்குதல் கூடுமோ? கூடும் என்பதைச் சாத்திரம் வல்லார் ஒருவரிடம் அன்று, மாமல்லபுரத்திற்கு வடக்கே கடற்கரைக் குப்பமொன்றில் மீன் விற்கும் மூதாட்டியார் ஒருவரிடம் அறிந்தேன். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, சுமத்திராத் தீவை அடுத்த கடலடியில் எழுந்த பெருநடுக்கத்தால் பொங்கிய சுனாமி என்னும் ஆழிப்பேரலை, காலைப்பொழுதிலேயே நம் கரையை மோதிற்று. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். நாகப்பட்டினத்துக் கரை பேரழிவு எய்தியது. செங்கற்பட்டுக் கரையும் தப்பிலது. அம்மூதாட்டியார் அன்று தம் பேரனை இழந்தவர். இரண்டாண்டுக் காலம் அவர் கடலின் பக்கம் முகம் திருப்பாது, வீட்டின் பின்வாயில் வழியாகவே வந்து போயினர். பின்னர்ப் பிழைப்பின் பொருட்டு மீண்டும் கரைக்கு வந்தனர். ஆண்டுதோறும் அந்நாளில் பிறரோடு சென்று கடலிற் பாலும் மலரும் சொரிந்து வருவர். "அம்மா, இப்பொழுது மறந்தீர்களோ?" என ஒருவர் வினவியபொழுது அவர் கூறிய விடையை அவர் மொழியிலேயே தருகின்றேன்: "மறக்கலைங்க ஐயா. முன்னெல்லாம் பேரனை நெனச்சா அலைதான் வரும். இப்ப அவன் மொகம் வருது."

இவ்விடையை எத்துணை முறை எண்ணினும் அதன் ஆழம் அடங்குவதில்லை. பேரனை நினைத்தல் அன்பு. அலை வந்து அவன் முகத்தை மறைத்தல் வாதனை. வாதனை நீங்கியவழி நினைவு அழிவதில்லை. நினைவு தன் உண்மைப் பொருளை மீளப் பெறுகின்றது. நாம் இழக்க வேண்டுவது முன் நிகழ்ந்ததை அன்று. நிகழ்ந்ததன்மேற் கவிந்து நிற்கும் படலத்தையே.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறல் வேண்டும். இழப்புற்றார் முன் சென்று, "இஃது உம் முன்வினைப் பயன்" என்று உரைப்பாரும் நம்மிடையே உளர். வினையுண்மை நம் சமயத்தின் தூண்களுள் ஒன்றே. ஆயினும், அது தன்னைத் திருத்திக்கொள்ளுதற்குக் கொடுக்கப்பட்ட கோல். பிறரை அளத்தற்குக் கொடுக்கப்பட்டதன்று. அழுவார் பக்கத்தில் அமர்ந்திருத்தலே அப்பொழுது சைவர்க்குரிய அறம். அவ்வாறே, வாதனை நீங்குக என்றமையால், இழைக்கப்பட்ட அநீதியைக் கேளாது விடுக என்பதும் கருத்தன்று. கணக்குத் தணிக்கை செய்யப்பட வேண்டியதே, செய்யப்பட்டது. தணிக்கை முடிந்த பின்னரும் உள்ளே நடந்து கொண்டிருக்கும் வழக்கைப் பற்றியே இங்குப் பேசுகின்றோம்.

வினையின் பாகுபாடு இவ்வழக்கை முடித்தற்கு எங்ஙனம் துணையாகின்றது எனக் காண்போம். இப்பிறவியில் வந்து பொருந்தும் இன்ப துன்பம் பிராரத்தம், அஃதாவது நுகர்வினை. அதனை நுகருங்கால் 'இதனை விரும்புகின்றேன், இவனை வெறுக்கின்றேன்' என எழும் முனைப்பினால் புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம், அஃதாவது ஏறுவினை. அவையிற் கேட்ட சொல் நுகர்வினை. இரவில் அதன் நினைவு தானே வந்து நிற்பதும் அந்நுகர்ச்சியின் தொடர்ச்சியே; அதனைத் தடுக்க நம்மால் ஆகாது. வந்த நினைவை அமர்த்தி, அதற்கு மறுமொழி இயற்றி, வெறுப்பை ஊட்டி வளர்த்தல் ஏறுவினை; இதனைத் தவிர்த்தல் திருவருள் துணையால் ஆவது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள எல்லையை அறிதலே முதற்படி.

இவ்வெல்லையை எனக்கு விளக்கியது திருக்கழுக்குன்றம். செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில், மூவர் முதலிகளாலும் மணிவாசகப் பெருமானாலும் பாடப்பெற்ற வேதகிரி அது. அங்கே நாடோறும் உச்சிப்போதில் இரண்டு கழுகுகள் வந்து, பூசகர் பாறைமீது வைக்கும் அமுதை உண்டு செல்லும். முனிவர் இருவர் அவ்வுருவில் வழிபடுகின்றனர் என்பது தலவரலாறு. சிறுவனாய் இருந்தபொழுது அன்னையார் கைப்பற்றி நின்று அக்காட்சியைக் கண்டிருக்கின்றேன். இப்பொழுது பல ஆண்டுகளாக அப்பறவைகள் வருவதில்லை. அம்முனிவர்களை வாதனைக்கு ஒப்பிடுதல் அடியேன் கருத்தன்று. அங்ஙனம் கருதுதல் அபசாரமாகும். வேளையும் உணவும் ஒருங்கு கூடியவழி வருகை நிலைபெறும் என்னும் அத்துணையே உவமை. யானும் ஒரு வேளை குறித்து, ஒரு பாறையில், ஒரு நினைவுக்கு நாடோறும் சோறிட்டு வந்தேன். அது வந்து உண்டது. அதனைக் கல்லெறிந்து ஓட்டுதலும் அதற்கு ஒருவகை விருந்தே. ஓட்டுவதற்காக நாம் அவ்வேளையில் அங்கே காத்திருக்கின்றோம் அல்லவா? சோறிடாதிருத்தலே செயல்.

ஆயினும் சும்மா இருந்துவிடுதல் உயிர்க்கு இயலாது. ஒன்றையும் சாராது தனித்து நிற்கும் தன்மை அதற்கு இல்லை. மனத்தை வெறுமையாக்குக என்பார் உரை, தூணை அகற்றியபின் கொடியை நிற்கச் சொல்லுதல் போல்வது. கொடிக்கு வேறு கொம்பு கொடுத்தல் வேண்டும். திருவள்ளுவனாரும் துறவு என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், பற்றை விடுதற்கு வழியாக ஒரு பற்றையே விதித்தமை காண்க.

பெரியபுராணத்துள் இதற்குச் சான்று பல. மாமல்லபுரத்தின் பெயரோடு தொடர்புடைய ஒன்றை முதலிற் காண்போம். சிறுத்தொண்ட நாயனார் பரஞ்சோதியாராய் இருந்த காலத்தில், வாதாபி நகரைத் துகளாக்கிய படைத்தலைவர். அவரை ஏவிய மன்னன் பெயரைச் சேக்கிழார் பெருமான் கூறிலர். 642-ஆம் ஆண்டளவில் வாதாபியை வென்ற மாமல்லன் என்னும் முதலாம் நரசிங்கவர்மனே அவன் என்பது வரலாற்றாசிரியர் துணிபு. இவர் சிவனடியார் என்பதை அமைச்சரால் அறிந்த மன்னன், அடியாரைக் கொடும்போர் முனையில் விடுத்தேனே என்று நடுங்கிப் பொறுத்தருள வேண்டினான். அவரோ, தம் உரிமைத் தொழிலுக்கு அடுத்ததையே தாம் செய்ததாகவும், அதனால் தீங்கு யாதெனவும் கூறி அமைந்தார். பெருவெற்றியைப் பேசிக் களித்திலர். போர்க்களத்தின் கொடுமையைச் சுமந்து திரிந்திலர். தம்மை ஏவிய மன்னன்மேற் குறையும் வைத்திலர். மன்னன் விடைகொடுத்தவுடன் திருச்செங்காட்டங்குடிக்கு மீண்டு, நாடோறும் அடியார்க்கு அமுதூட்டும் பணியை மேற்கொண்டார். வாளேந்திய கை அன்னம் பரிமாறும் கையாயிற்று. கைக்கு வேறு பணி கிடைத்தமையால் பழைய பணியின் தழும்பு உள்ளத்தில் ஏறவில்லை.

மற்றையது அப்பரடிகள் வரலாறு. நீற்றறை, நஞ்சு, யானை என்பவற்றிற்குப் பின், கல்லிற் பிணித்துக் கடலில் இடப்பட்டார் அடிகள். அவரை வருத்திய பல்லவன், பின்னர்த் தானும் சைவனாயினான். அவன் முதலாம் மகேந்திரவர்மன் என்பர் ஆராய்ச்சியாளர். செங்கற்பட்டை அடுத்த வல்லத்துக் குடைவரைக் கோயில் அவன் காலத்தது. அடிகள் ஏறிய திருப்பாதிரிப்புலியூர்க் கரையும் இச்சோழமண்டலக் கடற்கரையே. அக்கல்லையும் கடலையும் அடிகள் மறந்திலர். நமச்சிவாயத் திருப்பதிகத்துள் அவற்றைக் குறிப்பிடுகின்றார். ஆயின், அஞ்சிய நினைவாகவன்று. திருவைந்தெழுத்து நற்றுணையாயினமைக்குச் சான்றாக. ஒரே கடல், ஒரே கல். ஒருவர்க்கு வாழ்நாள் முழுதும் நடுக்கம் தரவல்ல நிகழ்ச்சி, அவர்க்குத் திருப்பதிகமாயிற்று. மூதாட்டியார் கண்ட முகமும் இவ்வகையினதே.

இனி, அத்திருவைந்தெழுத்து வாதனையை நீக்கும் வகையை மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலிலேயே காணலாம். இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிங்கவர்மன் எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடுத்த கற்றளி அது. சிவபெருமானுக்கு இரண்டு திருமுன்களும், அவற்றினிடையே பள்ளிகொண்ட திருமாலுக்கு ஒன்றும் உடையது. 1984-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டவற்றுள் இதுவும் அடங்கும். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக உப்புக்காற்று அக்கல்லின்மேல் வீசுகின்றது. உப்பு மேலே படிந்து நிற்பதோடு ஒழியாது, நுண்துளைகளுட் புகுந்து உள்ளே இறுகி, கல்லைப் பொடியாக உதிர்க்கின்றது. சிற்பங்கள் முகம் மழுங்கி நிற்பதற்கு அதுவே பெருங்காரணம்.

தொல்லியல் துறையினர் இவ்வுப்பைப் போக்கக் கையாளும் முறை எளியது. சுரண்டினால் உப்போடு கல்லும் போம். ஆகலின், காகிதக்கூழை நன்னீரிற் குழைத்துக் கல்லின்மேல் அப்புகின்றனர். நீர் உள்ளே ஊறி உப்பைக் கரைக்கின்றது. கூழ் உலருங்கால், கரைந்த உப்பு அதன்வழி வெளிப்பட்டுக் கூழில் ஏறுகின்றது. உலர்ந்த கூழை உரித்தெடுத்துப் புதுக்கூழ் அப்புகின்றனர். உப்பின் அளவு குறையுங்காறும் இவ்வாறு பலமுறை செய்யப்படும். கடல் அகலப்போவதில்லை, காற்று நிற்கப்போவதில்லை, எனவே சில ஆண்டுகட்குப்பின் மீண்டும் செய்யவேண்டும். இதனைக் குறையென அவர் கருதுவதில்லை. கோயிலைக் காத்தல் என்பதன் பொருளே அதுவெனக் கொண்டுள்ளனர்.

திருவைந்தெழுத்தும் இங்ஙனமே தொழிற்படுகின்றது. சிகரம் சிவத்தையும், வகரம் அருளையும், யகரம் உயிரையும், நகரம் திரோதத்தையும், மகரம் மலத்தையும் குறிக்கும். உயிராகிய யகரம் இடையிலே நிற்கின்றது. ஒரு பக்கம் அருளும் சிவமும். மறுபக்கம் திரோதமும் மலமும். பழைய நினைவு வந்து 'என்னையா' என்று அகங்காரம் எழுங்கால், உயிர் நகர மகரங்களின் பக்கம் முகம் திருப்பி நிற்கின்றது. ஆசிரியன்பாற் கேட்ட முறையில் 'சிவாயநம' என உணர்ந்து ஓதுங்கால், அதே உயிர் அருளின் பக்கம் முகம் திரும்புகின்றது. நினைவோடு போரிடுதல் சுரண்டுதல். கல்லாகிய உள்ளமே தேய்ந்து போம். ஓதுதல் நன்னீரை அப்புதல். உள்ளே இறுகியது தானே கரைந்து வெளிப்படும். வெளிப்படுங்கால் சில நாள் உப்பு முன்னினும் மிகுந்து தோன்றுதலும் உண்டு. அதுகண்டு அஞ்சற்க, உள்ளிருந்தது வெளியேறுகின்றது என அறிக.

உப்போடு மணலும் அக்கரைக்கு உரியது. மாமல்லபுரத்திற்கு வடக்கே சாளுவன்குப்பத்தில், ஆழிப்பேரலை மணலை அரித்தமையால் கல்வெட்டுடைய பாறை வெளிப்பட்டது. அக்கல்வெட்டுச் சுட்டிய முருகன் கோயிலைத் தேடி, 2005-ஆம் ஆண்டில் அகழ்ந்தபொழுது, மணல் மேட்டின் கீழே கோயிலும், அதன் முன் கல்லாலாகிய வேலும் காணப்பட்டன. பல்லவர்காலக் கட்டடத்தின் அடியில் அதனினும் பழைய செங்கற்கோயிலின் அடிப்பகுதியும் இருந்தது. உயிர்களைக் கொண்ட அலையை நன்றெனக் கூறுவார் யாருமிலர், கூறவும் தகாது. யான் கருதுவது ஒன்றே: பல நூற்றாண்டு மணல் மூடிக்கிடந்த காலத்தும் வேல் அங்கேயே நின்றது. மேட்டின்மேல் நடந்தவர் அதனை அறிந்திலர், அவ்வளவே. வாதனை எத்துணை உயரக் குவிந்தாலும், உள்நின்ற இறைவனை அது இடம்பெயர்த்தல் இல்லை.

என் திறத்தில் விளைந்ததையும் மறையாது கூறுவல். அச்சொல் இன்னும் அரிதாக வருவதுண்டு. காயக்கலத்தின் மணம் அற்றொழிந்தது என்று கூறேன். ஆயின் அது வருங்கால், நாடோறும் தம் கையாலேயே பூப்பறித்துத் தொடுத்துப் பூசைக்கு வைக்கும் அப்பெரியவரின் மலர்த்தட்டும் உடன் வருகின்றது. முன்னெல்லாம் அத்தட்டு என் நினைவில் இல்லை. சொல் அதனை மறைத்திருந்தது.

மெய்கண்டதேவர் நூலின் முடிவில், பன்னிரண்டாஞ் சூத்திரத்தில், மலத்தைக் கழுவுக என்றதனோடு அமையாது, மெய்யன்பரோடு கலந்திருக்கவும், திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே தொழவும் பணித்தார். இப்பணிப்பில் அருமையான மருத்துவம் உளது. தனியறையில் இருந்து வாதனையை வென்றுவிடலாம் என்பது பெரும்பாலும் மற்றொரு வாதனையே. மனிதர் நடுவிலேதான் நமக்குப் பெரும்பாலான புண்கள் உண்டாயின. அவை ஆறுதலும் மனிதர் நடுவிலேயே, அடியார் கூட்டத்திலேயே நிகழவேண்டும். நூறு பேரோடு திருக்கழுக்குன்றத்தை வலம் வருங்கால், எவர் எவர்க்கு யாது கூறினார் என்பதை எவரும் கேட்பதில்லை. யாவர் வாயிலும் ஒரே நாமம் இருக்கின்றது. வேம்பிற் பழகிய புழு கரும்பிற் சென்று தங்குதற்குக் காலம் ஆகும். கரும்பு காத்திருக்கின்றது. நாம் செய்யக்கடவது, நாடோறும் ஒரு கணு அதன்மேல் ஏறுதலேயாம்.

திருச்சிற்றம்பலம்.